ஒரே சாவியோடு வந்த பழைய கார்: புது ரிமோட் சாவி போடுவது எப்படி?

கேள்வி:

ஐயா, நான்கு மாதங்களுக்கு முன் ஒன்பது வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கினேன். விற்றவர் கொடுத்தது ஒரே சாவிதான். இன்னொன்றைத் தேடித் தருகிறேன் என்றார், இன்றுவரை வரவில்லை. இருக்கும் சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ரிமோட் பட்டனை அமுக்கினால் எதுவும் நடப்பதில்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பார்க்க இதே மாதிரி இருந்த இரண்டு ரிமோட் சாவிகளை இணையத்தில் வாங்கினேன். இக்னிஷனை எட்டுத் தடவை ஆன், ஆஃப் செய்தால் தானாகவே ப்ரோகிராம் ஆகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். செய்தேன், ஆகவில்லை. டீலரிடம் கேட்டால் பெரிய தொகை சொல்கிறார்கள். சாவி செய்யும் ஒருவர் பத்தே நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். யாரிடம் போவது? வாங்கிய சாவிகள் வீண்தானா?

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே நல்ல செய்தி, கையில் இருக்கும் சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான். ரிமோட் வேலை செய்யாதது வெறும் தொந்தரவு. அந்த ஒரு சாவியும் தொலைந்தால் வரும் செலவு வேறு மாதிரியானது. வேலை செய்யும் சாவி ஒன்று இருந்தால், இரண்டாவதை வண்டி அடையாளம் காணும்படி அதில் பதிவது பெரும்பாலான கார்களில் நேரான வேலை. ஒன்றுமே இல்லையென்றால் வண்டியை ஏற்றிக்கொண்டு போவது, பூட்டைத் திறப்பது, சாவி பதியத் தேவைப்படும் பாதுகாப்பு எண்ணைத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்குவது, சில மாடல்களில் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கன்ட்ரோல் பெட்டியைக் கழற்றி அதன் மெமரியையே படிப்பது என்று வேலை பெருகிக்கொண்டே போகும். ஆகவே டீலர் சொன்ன தொகையைக் கேட்டு மலைத்துப்போய் இதைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கே செய்தாலும் சரி, சீக்கிரம் செய்துவிடுங்கள்.

வீடியோவில் சொன்னபடி செய்தும் ஏன் ஆகவில்லை என்று கேட்டால், சாவிக்குள் என்னென்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ரிமோட் சாவி பார்க்க ஒரே பொருள். உள்ளே மூன்று தனித்தனி ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒன்று, வெட்டப்பட்ட உலோக ப்ளேடு. கதவுப் பூட்டையும் இக்னிஷன் பூட்டையும் திருப்புவது அது. இரண்டாவது, இம்மொபிலைசர் சிப். இது இந்த வண்டியின் சாவிதான் என்று வண்டிக்குச் சொல்வது அது; சொல்லாவிட்டால் எஞ்சின் ஓடாது. மூன்றாவது, பட்டனை அமுக்கினால் ரேடியோ சிக்னல் அனுப்பும் ரிமோட் போர்டு. பல கார்களில் இந்த மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. ப்ளேடு பொருந்தி, ரிமோட் கதவைத் திறந்து, ஆனாலும் சிப் பதியாததால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். உங்களுக்கு நடந்திருப்பது நேர் எதிர்: ப்ளேடும் சிப்பும் சரி, ரிமோட் மட்டும் பேசவில்லை.

சிப்புக்கு பேட்டரி தேவையில்லை என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு காயில் (கம்பிச் சுருள்) இருக்கிறது. சாவியை நுழைத்து ஆன் செய்ததும் அந்தக் காயில் சில சென்டிமீட்டர் தூரத்துக்கு மின்காந்தப் புலத்தை உண்டாக்கும், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில். அதிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு சிப் பதில் சொல்லும். வண்டி தன்னிடம் ஒரு வருகைப் பதிவேடு வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயர் இருக்கும் சிப் பதில் சொன்னால்தான் எஞ்சின் ஓடும். பெயர் இல்லாவிட்டால் சாவிப் படம் போட்ட விளக்கு வேகமாக மின்னும். மாடலைப் பொறுத்து எஞ்சின் சுற்றவே சுற்றாது, அல்லது ஓரிரு வினாடி ஓடி நின்றுவிடும். ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2001, கனடாவில் 2007. அதனால் ஒன்பது வருடக் காரில் இது இருக்கும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

ரிமோட் போர்டு வேறு உலகம். அது 315 அல்லது 433.92 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் அது அனுப்பும் ரகசிய எண் மாறும். வண்டியும் அதே கணக்கில் அடுத்து வர வேண்டியதை எதிர்பார்த்துக் காத்திருக்கும். நீங்கள் பார்த்த எட்டுத் தடவை ஆன், ஆஃப் முறை பொய்யில்லை. ஃபோர்டின் பழைய மாடல்கள் சிலவற்றில் ரிமோட் பதிய அப்படித்தான் செய்வார்கள், அதுவும் பத்து வினாடிக்குள். ஆனால் அது அந்தக் கம்பெனியின் அந்தந்த வருடக் கார்களுக்கு மட்டும். அது பதிவதும் ரிமோட்டை மட்டும்தான், சிப்பை அல்ல. டொயோட்டாவின் பழைய மாடல்களில் கதவைத் திறந்து மூடி, சாவியை நுழைத்து எடுத்து என்று வேறொரு வரிசை இருக்கிறது. பிந்தைய கார்கள் பலவற்றில் இப்படிக் கையால் செய்யும் வழியே கிடையாது, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவியான ஸ்கேனரை மாட்டித்தான் ஆக வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல கார்களில் வண்டி பதியும் நிலைக்குப் போன உடனேயே பழைய ரிமோட்டுகள் எல்லாம் அழிந்துவிடும். அதே அமர்வில் எல்லா ரிமோட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிய வேண்டும். ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொன்றைச் சேர்க்கப் போய் இரண்டையும் இழந்தவர்கள் நிறைய. இனி வீடியோ பார்த்து முயற்சி செய்ய வேண்டாம்.

அடுத்து, உங்கள் பழைய ரிமோட் ஏன் பேசவில்லை என்று பார்ப்போம். புதிது வாங்குவதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது. சாவியின் பிளாஸ்டிக் ஓடு நீங்களே பிரிக்கக்கூடியதுதான். வளையம் மாட்டும் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். தட்டையான ஸ்க்ரூடிரைவரை அதில் வைத்து மெல்லத் திருப்புங்கள், ஓடு இரண்டாகப் பிரியும். முதலில் பேட்டரியின் மேல் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 என்றால் அதே அகலம், ஆனால் 2.5 தான் கனம். 2032 வேண்டிய இடத்தில் 2025 போட்டால் உட்கார்ந்துவிடும், ஆனால் மேலே இருக்கும் தகரக் கவ்வி சரியாகத் தொடாது. பேட்டரி மாற்றியும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இந்த இடத்தைச் சரிபாருங்கள். கவ்வி வளைந்திருந்தால் நகத்தால் லேசாகத் தூக்கிவிட்டால் போதும். போர்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். பட்டனுக்குக் கீழே இருக்கும் சின்ன சுவிட்சை விரலால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் சாலிடர் விட்டிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்த எவரும் சில நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்.

ஓட்டைப் பிரிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பல சாவிகளில் இம்மொபிலைசர் சிப் போர்டில் இருக்காது. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் கறுப்புக் கட்டையாகவோ சின்னக் கண்ணாடிக் குழலாகவோ ஓட்டின் ஒரு மூலையில் தனியாகச் செருகியிருக்கும். விழுந்தால் சத்தம்கூடக் கேட்காது. மேஜையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துப் பிரியுங்கள். ஓடு உடைந்துவிட்டது என்று புது ஓடு வாங்கி, போர்டையும் ப்ளேடையும் மாற்றிவிட்டு, சிப்பைப் பழைய ஓட்டோடு குப்பையில் போட்டுவிட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. உங்களிடம் இருப்பது ஒரே சாவி. அந்தச் சிப் போனால் எல்லாச் சாவியும் தொலைந்த நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

போர்டில் கோளாறு இல்லையென்றால் வண்டியும் ரிமோட்டும் கணக்குத் தவறியிருக்கலாம். வண்டி பக்கத்தில் இல்லாதபோது பட்டனை நிறைய முறை அமுக்கினால், குழந்தைகள் கையில் கிடைத்தால் அப்படித்தான் ஆகும், வண்டி எதிர்பார்க்கும் எல்லையைத் தாண்டி ரிமோட் முன்னால் போய்விடும். சில கார்களில் ப்ளேடால் கதவைத் திறந்து, இக்னிஷனை ஆன் செய்து, பூட்டும் பட்டனைச் சில வினாடி அமுக்கிப் பிடித்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். உங்கள் மாடலுக்கு உரிய முறை வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும்.

அப்புறம், பழைய காருக்கே உரிய சிக்கல் ஒன்று. அந்த ரிமோட் கார் கம்பெனியுடையதுதானா? விலை குறைந்த வேரியன்ட்டில் கம்பெனி ரிமோட் இருக்காது. முதல் உரிமையாளர் வெளியில் சென்ட்ரல் லாக்கும் அலாரமும் போட்டிருப்பார். அப்படியென்றால் டீலர் ஸ்கேனரை மாட்டினாலும் அந்த ரிமோட்டைப் பற்றி வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. ரிமோட்டில் கார் கம்பெனியின் பெயர் இல்லாமல், சாவியிலிருந்து தனியாகத் தொங்கினால் சந்தேகப்படுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தால் டேப் சுற்றிய வயர்களோடு ஒரு சின்னப் பெட்டி தட்டுப்படும். அந்தப் பெட்டிக்கு ஏற்ற ரிமோட்டைத்தான் வாங்க வேண்டும். பதிவதும் அந்தப் பெட்டியின் பட்டன் வழியாகத்தான். அந்த ரிமோட் பிரச்சினைக்கு டீலரிடம் போக வேண்டியதே இல்லை.

இணையத்தில் வாங்கிய சாவிகளைப் பற்றி. பார்க்க ஒரே மாதிரி இருந்தால் போதாது. ஒரே ஓட்டுக்குள் 315 போர்டும் வரும், 433 போர்டும் வரும். ஒரே மாடலிலேயே வருடம் மாறினால் சிப்பின் வகை மாறும். வேறு நாட்டிலிருந்து இறக்குமதியான கார் என்றால், இங்கே விற்கும் அதே மாடலின் ரிமோட்டோடு ஃப்ரீக்வென்சியே ஒத்துப்போகாமல் இருக்கலாம். பழைய சாவியின் போர்டிலோ ஓட்டின் பின்பக்கமோ அச்சிட்டிருக்கும் பாகத்தின் எண்ணும் ஃப்ரீக்வென்சியும் புதியதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அவை பொருந்தி, புதுசாகவும் இருந்தால் பயன்பட வாய்ப்பு உண்டு. இன்னொரு காரிலிருந்து வந்த பழைய சாவி என்றால் சந்தேகம்தான். பல கம்பெனிகளின் சிப் முதல் காரில் பதிந்ததும் அந்தக் காரோடு பூட்டிக்கொள்ளும். தனிக் கருவியால் திறந்துவிட முடிகிற வகைகள் உண்டு, முடியாதவையும் உண்டு. திருப்பி அனுப்ப முடிகிற நாள் தாண்டவில்லையென்றால் ப்ளேடை வெட்டிவிடாதீர்கள். வெட்டிய சாவியை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். முதலில் பதிகிறவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இனி, பத்தே நிமிடம் என்று சொன்னவர். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சிப்பைக் காப்பி அடிக்கப் போகிறீர்களா, வண்டியில் புதுசாகப் பதியப் போகிறீர்களா? இரண்டும் வேறு. காப்பி என்றால் உங்கள் பழைய சிப்பில் இருப்பதை அப்படியே வெற்றுச் சிப்பில் எழுதுவது. பழைய வகைச் சிப்புகளில் இது சுலபம். 40 பிட் நீள ரகசிய எண்ணால் காக்கப்பட்ட ஒரு சிப்பை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தினரும் 2005லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். காப்பி அடித்த சாவியில் வண்டி ஓடும். ஆனால் பதிவேட்டில் ஒரே பெயர்தான் இருக்கும், அதற்கு இரண்டு பேர் பதில் சொல்வார்கள். நாளைக்கு ஒன்று தொலைந்தால் அதை மட்டும் நீக்க முடியாது. ரிமோட்டும் இதனால் பதியாது. எனவே பதியத் தெரிந்தவரையே தேடுங்கள்.

டீலரா, வெளியில் கார் சாவி செய்பவரா என்றால், பெரும்பாலான ஒன்பது வருடக் கார்களுக்கு நல்ல கருவி வைத்திருக்கும் வெளி ஆளே போதும் என்பது என் கருத்து. விதிவிலக்குகள் உண்டு. மெர்சிடிஸ் பென்ஸின் பிந்தைய தலைமுறைக் கார்களில் சாவி அந்த வண்டிக்கென்றே கம்பெனியிலிருந்து தயாராகி வருகிறது, அங்கே டீலர்தான் வழி. எங்கே போனாலும், வண்டியின் பதிவுப் பத்திரத்தையும் உங்கள் அடையாள அட்டையையும் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்டால் கோபப்படாதீர்கள், நல்ல ஆள் என்று அர்த்தம். யார் வண்டி என்றே கேட்காமல் சாவி போட்டுத் தருகிறவர், நாளை உங்கள் வண்டிக்கும் வேறொருவருக்குப் போட்டுத் தருவார். பாதுகாப்பு எண்ணை எப்படி எடுப்பார் என்றும் கேளுங்கள். தவறான எண்ணைச் சில தடவை போட்டால் பல கார்கள் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். ஊகித்துப் பார்க்கிற ஆள் வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் அது இல்லை. விற்றவர் கொடுக்காத அந்த இரண்டாவது சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? அவரிடமே இருக்கலாம், அவருக்கு முந்தைய உரிமையாளரிடம் இருக்கலாம், வண்டியைப் பார்த்துக்கொண்ட ஓட்டுநரிடமோ மெக்கானிக்கிடமோ இருக்கலாம். யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யும் சாவி ஒன்று வெளியே இருக்கிறது, அவ்வளவுதான். புதுச் சாவி போடும் அன்றே அதையும் முடித்துவிடுங்கள். ஸ்கேனர் மாட்டியதும் இந்த வண்டியில் எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், பல கார்களில் அந்த எண் திரையிலேயே தெரியும். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உங்கள் கையில் இருப்பவற்றை மட்டும் பதியச் சொல்லுங்கள். அதற்கு நீங்கள் வைத்துக்கொள்ள நினைக்கும் ஒவ்வொரு சாவியும் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். ஃபோர்டு போன்ற சில கார்களில் அழித்த பிறகு குறைந்தது இரண்டு சாவி பதிந்தால்தான் எஞ்சின் ஓடும். ஒரே ஒரு சாவியோடு போய் அழிக்கச் சொல்லிவிடாதீர்கள்.

அழித்த பிறகும் அந்த வெளிச் சாவியின் ப்ளேடு கதவைத் திறக்கும். வண்டி ஓடாது, ஆனால் உள்ளே இருக்கும் பொருளை எடுக்கலாம். அது உறுத்தினால் கதவுப் பூட்டின் உள்தகடுகளை மாற்றி அமைக்கலாம். எல்லோருக்கும் அது தேவைப்படாது. வண்டிக்குள் பையையும் கம்ப்யூட்டரையும் விட்டுப் போகிற பழக்கம் இருந்தால் யோசியுங்கள். விற்றவர் என்றைக்காவது அந்தச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வையுங்கள். அழித்த சாவியைப் பொதுவாக அதே காரில் மறுபடி பதிந்துகொள்ளலாம்.

புது ப்ளேடு வெட்டுவது சின்ன விஷயம்தான், ஆனாலும் கேட்டு வாங்குங்கள். ஒன்பது வருடம் தேய்ந்த சாவியை வைத்துக் காப்பி வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். சாவி எண்ணை வைத்து வெட்டினால் பழைய அளவே கிடைக்கும். அந்த எண் முதல் சாவியோடு வந்த சின்ன உலோகத் துண்டில் இருக்கும். அது இல்லையென்றால் சேஸிஸ் எண்ணையும் உரிமைப் பத்திரத்தையும் காட்டி டீலரிடம் பெறலாம்.

பதிகிற அன்று வண்டியின் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். இக்னிஷன் ஆனில் இருக்கும், எஞ்சின் ஓடாது, ஸ்கேனர் எழுதிக்கொண்டிருக்கும். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் கன்ட்ரோல் பெட்டியின் மெமரி கெட்டுப்போகலாம். பொறுப்பான ஆள் முதலில் மீட்டரை வைத்துப் பார்ப்பார், 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜர் மாட்டுவார். ஹெட்லைட், ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

முடிந்ததும் ஒவ்வொரு சாவியாகச் சோதியுங்கள், மற்றச் சாவியைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு. ஒரே வளையத்தில் இரண்டும் தொங்கினால் பதியாத சாவியை நுழைத்தாலும் பக்கத்தில் இருக்கும் பதிந்த சிப் பதில் சொல்லிவிடும், நீங்கள் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். இரண்டு சாவியிலும் ஸ்டார்ட் செய்து குறைந்தது அரை நிமிடம் ஓடவிடுங்கள். வெளியே நின்று பூட்டு, திறப்பு, டிக்கி என்று ஒவ்வொரு பட்டனையும் அமுக்குங்கள். பட்டன் வேலை செய்கிற சந்தோஷத்தில் ப்ளேடை மறந்துவிடுவோம். வண்டியின் பேட்டரி இறங்கிய நாளில் கதவைத் திறக்கப்போவது அதுதான், ஆகவே புது ப்ளேடைக் கதவில் நுழைத்துத் திருப்பியும் பாருங்கள். இவ்வளவும் பணம் கொடுப்பதற்கு முன்னால்.

ரசீதில் எத்தனை சாவி பதிந்தார்கள், பழையவை அழிக்கப்பட்டனவா, சிப்பின் வகை என்ன என்று எழுதி வாங்குங்கள். பாதுகாப்பு எண் கிடைத்திருந்தால் அதையும் கேளுங்கள், அடுத்த முறை வேலை பாதியாகும். அந்தத் தாளையும் இரண்டாவது சாவியையும் வீட்டில் வையுங்கள். காரின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வேண்டாம்.